செல்ஃப் நன்றாக அடிக்கிறது, டிராக்டர் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை

ஜூன் 8, கேள்வி

அண்ணா, எங்கள் டிராக்டர் கொஞ்ச நாளாக ஷெட்டில் சும்மா நின்றது. இப்போது சாவி போட்டால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜினும் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. மூன்று சிலிண்டர், பழைய மாடல், எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கிறது. பார்க்க வந்த மெக்கானிக், டீசலை இன்ஜினுக்குள் தள்ளுகிற பம்ப் போய்விட்டது, கழற்றி சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். கழற்றச் சொல்லட்டுமா?

ஜூன் 8, மாலை

வேண்டாம் தம்பி. பம்பில் இப்போதைக்கு யாரையும் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள். கழற்றினால் பழைய குறிக்கு நேராகவே திரும்பப் பூட்ட வேண்டும். பல்சக்கரத்தில் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் டைமிங், அதாவது டீசல் தூவுகிற நேரம், கெட்டுவிடும். அப்புறம் எது பழைய கோளாறு, எது புதிதாக வந்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

சும்மா நின்ற வண்டியில் பம்ப் நிஜமாகவே பழுதாகியிருப்பது அபூர்வம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. நாலைந்து ஸ்பேனர், ஒரு சுத்தமான துணி, ஒரு டப்பா இருந்தால் அத்தனையையும் நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் ஒன்றே ஒன்று செய்யுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, பி.டி.ஓ.வை (பின்னால் மாட்டுகிற கருவிகளைச் சுற்றுகிற தண்டு) விடுவித்து, பிரேக்கைப் பூட்டிவிட்டு, இன்னொருவரை சீட்டில் உட்கார்ந்து சாவி திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் சைலன்சரை மட்டும் பாருங்கள். புகை வருகிறதா? வந்தால் என்ன நிறம்? அதைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

ஜூன் 8, இரவு

புகையை ஏன் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நசுக்கினால் அது தானாகவே கொதித்துப் போகும். ஓடுகிற இன்ஜினில் 500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அந்தச் சூட்டில் டீசலைப் பனிபோல் தூவினால் பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் ரகசியம். ஆக, செல்ஃப் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று: டீசல் உள்ளே போகவில்லை, அல்லது போன டீசல் பற்றவில்லை.

புகை இதைப் பிரித்துக் காட்டிவிடும். சுற்றும்போது வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ கண்ணெரிகிற புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, சூடு போதவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டர் வரை வரவில்லை. இதற்கு ஒரு கருவியும் தேவையில்லை. இதைப் பார்க்காமலே பம்பில் கைவைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஜூன் 9, காலை

துளிப் புகையும் இல்லை என்கிறீர்கள். நல்லது, பாதி வேலை முடிந்தது.

முடிவுக்கு வருவதற்கு முன் இன்னொன்று. சைலன்சர் வாயில் காற்று விட்டு விட்டு உதைக்கிறதா என்று பாருங்கள். நின்ற வண்டியில் குழாய்க்குள் குளவியோ எலியோ கூடு கட்டி அடைத்திருந்தாலும் புகை வராது. ஏர் கிளீனர் பக்கமும் அப்படியே, மூடியைத் திறந்து ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

காற்று சரியாக உதைக்கிறது என்றால் அடுத்து ஸ்டாப் கேபிள், அதாவது இன்ஜினை நிறுத்த இழுக்கிற கம்பி. உட்கார்ந்த இடத்திலிருந்து குமிழை இழுத்துத் தள்ளிப் பார்ப்பது போதாது. பானெட்டைத் திறந்து, அந்தக் கேபிள் போய்ச் சேருகிற பம்ப் மேல் உள்ள லீவரைப் பாருங்கள். ஒருவர் குமிழை உள்ளே தள்ளும்போது லீவர் முழுதாகத் திரும்பி வருகிறதா? கேபிள் துருப்பிடித்தால் குமிழ் உள்ளே போகும், கம்பி உறைக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும், லீவர் மட்டும் 'நிறுத்து' நிலையிலேயே நிற்கும். என் வண்டியிலேயே இது நடந்திருக்கிறது. விரலால் லீவரைத் தள்ளிவிட்டு சாவியைத் திருப்பினேன், முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

கேபிளுக்குப் பதில் சாலினாய்டு (கரண்டில் டீசலைத் திறந்து மூடுகிற வால்வு) இருக்கிற வண்டி என்றால், சாவியை ஆன் செய்ததும் பம்ப் அருகில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அந்த ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போது பார்க்க வேண்டும். ஆன் நிலையில் கரண்ட் வந்து, செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் விட்டுப்போகிற சாவி சுவிட்சுகள் உண்டு.

ஜூன் 9, மதியம்

செல்ஃபை ஓயாமல் அடிக்காதீர்கள். பத்து பதினைந்து விநாடி, அப்புறம் இரண்டு நிமிடம் ஓய்வு. செல்ஃப் மோட்டார் சில நூறு ஆம்பியர் இழுக்கும், அதன் சூடு இறங்க நேரம் வேண்டும். பேட்டரி பாதி இறங்கிவிட்டால் நாளைக்கு எதைச் சரிசெய்தாலும் வண்டி பிடிக்காது, அப்போது குழப்பம் இரண்டாகிவிடும்.

ஜூன் 10, காலை

லீவர் சரியாக வருகிறது, சைலன்சரும் அடைபடவில்லை. அப்படியானால் ஏர் லாக், அதாவது டீசல் வழியில் காற்று புகுந்து அடைத்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காற்றை வெளியேற்றுகிற, ஏர் எடுக்கிற முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதியில் விட்டுவிட்டு 'எடுத்துவிட்டேன்' என்று நினைத்துக்கொள்வதுதான் பலரைச் சுற்றவிடுகிறது.

பழைய இன்ஜின்களில் நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் தூவுகிற முனை) திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். பைப்பில் காற்று நின்றால் பம்ப் தள்ளுகிற தள்ளெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும். ஸ்பாஞ்சை அமுக்குவது போலத்தான், மறுமுனைக்கு எதுவும் போய்ச் சேராது. நாசில் திறக்காது, புகையும் வராது.

டேங்க் குழாய் (டீசலைத் திறந்து மூடுகிற டேப்) திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு டீசல் போகும் வழியிலேயே நாமும் போக வேண்டும். எதையும் திறப்பதற்கு முன் அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள், ஒரு மணல் துகள் நாசிலுக்குப் போனாலும் அது தொலைந்தது. முதல் ஃபில்டரின் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தருகிற சின்ன பம்ப்) கை லீவரை அடியுங்கள். முதலில் நுரையாக வரும், அப்புறம் நுரையும் டீசலும் கலந்து துப்பும், அப்புறம் குமிழ் இல்லாத டீசல் ஒரே தாரையாக வரும். தாரை வந்த பிறகும் நாலு அடி அடித்து, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை மூடுங்கள். இதையே இரண்டாவது ஃபில்டரில். அப்புறம் பம்ப் மேலேயே உள்ள ஏர் ஸ்க்ரூவில்.

கை லீவரை அடிக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் ஃபீட் பம்ப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே அதைத் தள்ளுகிற கேம் உச்சியில் நின்றால் லீவருக்கு வேலையே இருக்காது. இன்ஜினை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப அடித்தால் பிடிக்கும்.

கடைசியாக நாசில் பக்கம். மூன்று நாசில்களின் தலையிலும் ஹை பிரஷர் பைப் நட்டை ஒரு சுற்று தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். ஸ்டாப் குமிழ் உள்ளே, ஆக்ஸிலரேட்டர் முழுதாக. செல்ஃபை அடிக்கச் சொல்லுங்கள். நட்டுக்கு அடியிலிருந்து முதலில் எச்சில் போல நுரை கசியும், பிறகு இன்ஜினின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 'சிர்' என்று டீசல் துள்ளும். மூன்றிலும் அப்படித் துள்ள ஆரம்பித்ததும் மூன்றையும் இறுக்குங்கள். இரண்டை இறுக்கி மூன்றாவதுக்கு ஸ்பேனர் வைக்கும்போதே சில வண்டிகள் பிடித்துக்கொள்ளும், ஆகவே ஃபேன் பக்கம் கையும் துணியும் போகாமல் நில்லுங்கள்.

அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்கவே கூடாது. 200 பார் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், வலியும் முதலில் இருக்காது, ஆனால் உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் காயம் சின்னதுதானே என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கசிவு பார்க்க ஒரு அட்டையைக் காட்டினால் போதும்.

ஜூன் 10, மாலை

காலையில் எழுதியதோடு ஒரு சேர்க்கை. உங்களுடையது ரோட்டரி பம்ப் என்றால், அதாவது நீளமாக இல்லாமல் உருண்டையாக, மூன்று பைப்பும் ஒரே வட்டத் தலையிலிருந்து கிளம்பினால், ஏர் ஸ்க்ரூ பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒன்று நடுவில், பைப்புகள் கிளம்புகிற தலைப்பகுதியின் பக்கவாட்டில். இன்னொன்று மேலே, வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரின் மூடியில். முதலில் கீழே, பிறகு மேலே. ஒன்றை விட்டுவிட்டால் ஏர் தங்கிவிடும்.

ரோட்டரி பம்புக்கு உள்ளே ஓடுகிற டீசல்தான் ஒரே எண்ணெய். டீசல் இல்லாமல் வெறுமனே செல்ஃபை நீளமாக அடித்தால் பம்ப் உலர்ந்து தேயும். கை லீவரால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவும் தள்ளிவிட்டுத்தான் சாவிக்குப் போக வேண்டும்.

ஜூன் 11, காலை

பிடித்துவிட்டதா! படித்ததும் எழுந்தே நின்றுவிட்டேன். அந்த முதல் சிலிண்டர் மட்டும் 'டக் டக்' என்று தனியாக அடித்து, மற்ற இரண்டும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்கிற சத்தத்துக்கு ஈடே கிடையாது.

ஆனால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, மூச்சு முட்டி, இழுத்து இழுத்து நின்றுவிட்டது என்கிறீர்கள். அதில் மனம் தளர வேண்டாம். உண்மையில் நமக்கு வேண்டிய தகவலே அதுதான். பம்ப் போயிருந்தால் அது ஓடியே இருக்காது. நாசில் திறக்கிறது, காற்றை நசுக்குகிற கம்ப்ரஷன் இருக்கிறது, டைமிங் சரி. இன்ஜினை விட்டுவிடுங்கள். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ டீசல் தடைபடுகிறது, அல்லது காற்று நுழைகிறது. இனி அந்த ஒரு முழக் குழாய்க்குள் மட்டும் தேடினால் போதும்.

ஜூன் 11, இரவு

இந்த இரண்டையும் பிரிப்பது எப்படி என்று யோசித்தேன்.

வண்டி நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியில் உள்ள சிறிய துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வழியில்லாமல் டேங்க் வெற்றிடமாகி, டீசலை விட மறுக்கிறது. மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பாருங்கள், நிற்காமல் ஓடினால் அதுதான் கோளாறு.

சத்தம் வரவில்லை என்றால் டேங்க் வாய். அடியில் கிளம்பும் இடத்தில் உள்ள வலையில் தூசியும் துருவும் படிந்திருக்கலாம். இதற்கு ஒரு அடையாளம் உண்டு: நின்ற வண்டியைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் திரும்ப அடித்தால், ஏர் எடுக்காமலே பிடித்துக்கொள்ளும். இழுப்பு நின்றதும் குப்பை விலகிவிடுகிறது, மறுபடி ஓடும்போது மறுபடி வந்து அடைக்கிறது. உங்கள் வண்டி நின்ற பிறகு மறுபடி ஏர் எடுக்க வேண்டியிருந்ததா, சும்மாவே பிடித்ததா? இதற்குப் பதில் தெரிந்தால் போதும்.

ஜூன் 12, காலை

மறுபடி ஏர் எடுக்க வேண்டியிருந்தது, நுரையும் வந்தது. மூடியில் சத்தம் இல்லை. அப்படியென்றால் காற்று உள்ளே நுழைகிறது.

எங்கும் டீசல் ஒழுகவில்லையே என்று கேட்கிறீர்கள். ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள குழாயில் ஒழுகாது தம்பி. அங்கே உறிஞ்சும் இழுப்புதான் இருக்கிறது, அதனால் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். வெளியே காய்ந்து சுத்தமாகவே இருக்கும். இதனால்தான் இது யார் கண்ணிலும் படாமல் பம்ப் மேல் பழியாக முடிகிறது. டேங்க் நிறைய இருக்கும்போது லேசாகக் கசியலாம், டீசல் மட்டம் இறங்கியதும் அதுவும் நின்றுவிடும்.

இப்போது நான் மிகவும் நம்புகிற சோதனையைச் செய்யுங்கள். சுத்தமான சிறிய கேன் ஒன்றில் புது டீசல் எடுத்து, இன்ஜினைவிட உயரத்தில், சூடான சைலன்சரிலிருந்து தள்ளிக் கட்டித் தொங்கவிடுங்கள். அதிலிருந்து கண்ணாடி போலத் தெரிகிற குழாய் ஒன்றை நேராக ஃபீட் பம்பின் உள்வாயில் மாட்டுங்கள். டேங்க், டேங்க் குழாய், டேங்கிலிருந்து வரும் லைன் எல்லாவற்றுக்கும் விடுமுறை. ஏர் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால், கேனுக்குப் பதிலாக முன்பு எது இருந்ததோ அதில்தான் ஓட்டை. அப்போதும் குமிழ் வந்து நின்றால் ஃபீட் பம்பிலோ அதற்கு அடுத்த வாஷர்களிலோ தேட வேண்டும்.

என் வண்டியை ரொம்ப நாள் சுற்றவிட்டது ஒரு பான்ஜோ போல்ட்டின் (டீசல் பைப்பை இணைக்கிற, நடுவில் துளையுள்ள போல்ட்) வாஷர். செம்பு வாஷரை ஒருமுறை இறுக்கினால் அது அந்த இடத்துக்கு ஏற்றபடி நசுங்கிக்கொள்ளும். கழற்றி அதையே திரும்பப் போட்டபோது மயிரிழை வழி விட்டது. வெளியே ஒரு சொட்டு இல்லை. நகத்தால் தடவினால் வாஷரின் விளிம்பில் ஒரு வரி தட்டுப்பட்டது, அவ்வளவுதான். இப்போதெல்லாம் அந்த இடங்களைத் திறந்தால் புது வாஷர் போடாமல் மூடுவதில்லை.

ஜூன் 12, மாலை

கேனில் ஓட்டியபோது நிற்கவே இல்லை! இனி பம்பைப் பற்றி யாரும் பேச முடியாது. நாளைக்கு டேங்க் லைனைப் பாருங்கள்.

ஜூன் 13, காலை

டேங்க் பக்கம் கைவைக்கும்போதே இதையும் செய்துவிடுங்கள். டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். பாட்டிலைச் சாய்த்தால் பாதரசம் போல உருண்டு ஓடும், மேலே டீசல் தனியாக நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் கறுப்பாகக் கொழகொழவென்று ஏதாவது தெரிந்தால், அது அந்தத் தண்ணீரில் வளர்கிற நுண்ணுயிர்ப் படலம். ஃபில்டரை அடைப்பதில் அதற்கு நிகரில்லை. அப்படி இருந்தால் டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும், ஃபில்டரை மட்டும் மாற்றினால் திரும்பவும் அடைக்கும்.

நிறுத்தி வைக்கிற வண்டிக்கு டேங்கை நிரப்பி வையுங்கள் என்று சொல்வது இதனால்தான். காலியிடத்தில் இருக்கிற காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து தகட்டில் முத்து முத்தாகப் படிந்து கீழே இறங்கும்.

ஜூன் 13, இரவு

வேறொருவர் கேட்கிறார்: தன் வண்டியில் வெள்ளைப் புகை நிறைய வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை, அதற்கும் ஏர் எடுக்க வேண்டுமா என்று.

வேண்டாம். உங்களுக்கு டீசல் உள்ளே போகிறது. சூடுதான் கிடைக்கவில்லை. மேலே எழுதிய எதுவும் உங்களுக்கு உதவாது, வேறு பக்கம் போக வேண்டும்.

முதலில் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் நசுங்குகிற காற்று பிஸ்டன் ரிங் இடுக்கில் கசியவும், சிலிண்டர் சுவரில் சூட்டை இழக்கவும் நேரம் கிடைத்துவிடும். நிமிடத்துக்கு நூற்றைம்பது சுற்றுக்குக் கீழே இழுத்துக்கொண்டிருந்தால் பல இன்ஜின்கள் பிடிக்காது. காதுக்கு 'நன்றாகத்தான் சுற்றுகிறது' என்று தோன்றுவதை நம்பக்கூடாது.

மீட்டர் இருந்தால் பேட்டரி முனைகளில் வையுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. விழவில்லை, ஆனாலும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பி கரண்டைத் தின்கிறது. நான் பார்த்த ஒரு வண்டியில் எர்த் கம்பி மேலே பளபளவென்று இருந்தது, சட்டத்தில் பூட்டிய முனையைக் கழற்றினால் அடியில் முழுக்கப் பெயின்ட்டும் பச்சைப் பொடியும். சுரண்டிப் பூட்டியதும் செல்ஃபின் சத்தமே மாறிவிட்டது.

கிளட்சை முழுதாக மிதித்துக்கொண்டு அடியுங்கள். கியர் பாக்ஸில் கெட்டியான எண்ணெயைக் கலக்குகிற சுமை குறையும். ஹீட்டர் பிளக் இருக்கிற இன்ஜின் என்றால் ஒவ்வொன்றும் சூடாகிறதா என்று பார்க்க வேண்டும். நேரடியாகத் தூவுகிற பல டிராக்டர் இன்ஜின்களில் ஹீட்டர் பிளக்கே கிடையாது, இருந்தால் இன்டேக் மேனிஃபோல்டில் (காற்று உள்ளே போகிற குழாய்) ஒரே ஒரு ஹீட்டர் இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வெள்ளைப் புகையே வந்தால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டிய நேரம். வால்வு, ரிங், லைனர். அதற்குத் தெரிந்த மெக்கானிக்கும் கம்ப்ரஷன் கேஜும் வேண்டும். பம்பைக் கழற்றிப் பூட்டிய பிறகுதான் இந்தப் புகை ஆரம்பித்தது என்றால், கேஜுக்கு முன்னால் டைமிங் குறியைப் பாருங்கள்.

ஜூன் 14, காலை

வண்டி பிடிப்பதற்காகக் காற்று போகும் வாயில் ஈதர் ஸ்ப்ரே அடிக்கலாமா என்று கேள்வி வந்திருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

ஈதர் டீசலைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றும். பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்து, மேலே வருகிற பிஸ்டனைக் கீழே அடிக்கும். ரிங் உடையும், ரிங் உட்காரும் இடம் விரிசல் விடும். ஹீட்டர் பிளக்கோ மேனிஃபோல்ட் ஹீட்டரோ இருக்கிற வண்டியில் இன்டேக்கிலேயே பற்றி முகத்துக்கு நேராக வரும். டீசல் வராத வண்டியில் ஈதரில் நாலு அடி அடித்து நிற்பதால் நமக்குப் புதிதாக எதுவும் தெரியவும் போவதில்லை, சைலன்சரைப் பார்த்தே அதைத் தெரிந்துகொண்டோமே.

இதைவிடக் கோபம் வருகிற விஷயம் ஒன்று. கீழே நின்றுகொண்டு ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனையையும் இணைத்து ஸ்டார்ட் செய்வது. நியூட்ரல், கிளட்ச் பாதுகாப்பு சுவிட்சுகள் எல்லாவற்றையும் அது தாண்டிவிடும். கியரில் இருந்தால் வண்டி பிடித்த அந்த நொடியே கிளம்பும், நிற்பவர் பின் சக்கரத்துக்கு நேராக முன்னால் நிற்பார். இப்படி உயிர் போனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எவ்வளவு அவசரமானாலும் சீட்டில் உட்கார்ந்து சாவியால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வதும் அப்படித்தான். டீசல் வராத இன்ஜினை எவ்வளவு தூரம் இழுத்தாலும் டீசல் வராது. கிளட்ச் ஹைட்ராலிக் அழுத்தத்தில் வேலை செய்கிற புது டிராக்டர்களை இழுத்து ஸ்டார்ட் செய்யவே முடியாது, இன்ஜின் ஓடினால்தான் அந்த அழுத்தமே உருவாகும்.

ஜூன் 14, மதியம்

முக்கியமான ஒரு எல்லைக்கோடு. நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கச் சொன்னேனே, அது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிற, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிற காமன் ரெயில் இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. ரெயிலில் ஓடும்போது 1,600 பார், அதற்கு மேலும் இருக்கும். அங்கே ஏர் எடுப்பது ஃபில்டரோடு சரி, மீதியை அதன் பம்ப் பார்த்துக்கொள்ளும். அந்த வண்டிகள் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் கிராங்க் சென்சார், ரெயில் பிரஷர், இம்மொபிலைசர் என்று வேறு பட்டியல், ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதுதான் வழி. ஆனால் டேங்க் மூடி, வலை, ஃபில்டர், தண்ணீர், காற்று உறிஞ்சும் குழாய் ஆகிய ஐந்தும் அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

ஜூன் 15, இரவு

நேற்று சூட்டைப் பற்றி எழுதியதிலிருந்து மனது பழைய டிராக்டர்கள் பக்கம் போய்விட்டது. ஜெர்மனியில் 1921-இல் வந்த லான்ஸ் புல்டாக் ஒற்றை சிலிண்டர் வண்டி. அதில் நசுக்குகிற சூடு மட்டும் போதாது. சிலிண்டர் தலையில் ஒரு இரும்புக் குமிழ் இருக்கும், அதை ஊது விளக்கு வைத்துச் சுட வேண்டும். நன்றாகச் சூடேறிய பிறகு ஃப்ளைவீலை ஆட்டினால் பிடிக்கும். பிந்தைய மாடல்களில் ஸ்டீயரிங்கைத் தண்டோடு உருவி, அதையே ஃப்ளைவீலில் செருகி ஆட்டுவார்கள்.

டீசல் தூவுவதும் ஆரம்பத்தில் லேசான காரியமாக இல்லை. ருடால்ஃப் டீசலின் இன்ஜின் 1897-இல் ஒழுங்காக ஓடியபோது எரிபொருளை உள்ளே ஊதத் தனிக் காற்றழுத்தக் கருவி தேவைப்பட்டது. பாஷ் நிறுவனம் 1927-இல் தூவும் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பாரம் இறங்கி, டீசல் இன்ஜின் சின்ன வண்டிகளுக்குள் வசதியாக நுழைந்தது. தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் எலிமென்ட் (டீசலைத் தள்ளுகிற சின்ன தண்டு) ஏறி இறங்குகிற அந்தப் பம்பை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதைதான் வருகிறது. அவ்வளவு நுணுக்கமாகச் செய்ததை மணலும் புழுதியும் பறக்கிற ஷெட்டில் வைத்துத் திறப்பதைப் பார்த்தால் தாங்க முடிவதில்லை.

ஜூன் 16, காலை

கிடைத்துவிட்டது! டேங்கிலிருந்து வருகிற ரப்பர் குழாய், கிளிப்புக்கு நேர் அடியில் வெடித்திருக்கிறது. கிளிப்பைக் கழற்றிக் குழாயை மடக்கிப் பார்த்தபோதுதான் அந்தப் பிளவு வாய் திறந்தது என்கிறீர்கள். அப்படியேதான் இருக்கும். வண்டி நின்ற நாட்களில் ரப்பர் காய்ந்து, கிளிப் கடித்த இடத்தில் பிளந்துகொண்டது. அங்கே நுழைந்த காற்றுக்கு வழிவிட்டு லைனில் இருந்த டீசல் மெதுவாக டேங்குக்கே திரும்பிப் போயிருக்கிறது. அதனால்தான் முதல் நாளே ஒரு துளிப் புகையும் இல்லை.

முனையை வெட்டிவிட்டு மீதியை மாட்டலாமா என்றால், மாட்ட வேண்டாம். ஒரு இடத்தில் காய்ந்த ரப்பர் முழுக்கக் காய்ந்துதான் இருக்கும். டீசலுக்கென்று உள்ள குழாயாகப் பார்த்து முழு நீளமும் புதிதாகப் போடுங்கள், தண்ணீர்க் குழாய் டீசலில் ஊறி உப்பிவிடும். கிளிப்பும் புதிது. மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புகிற ரிட்டர்ன் லைன் குழாயும் அதே வயதுதானே, அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஜூன் 17, மாலை

இரவு முழுக்க நிறுத்தி, காலையில் முதல் அடியிலேயே பிடித்தது என்பது நல்ல செய்தி. லைனில் டீசல் அப்படியே நிற்கிறது, காற்று நுழையவில்லை. அதுதான் எனக்கு வேண்டிய சான்று, ஓடிக்கொண்டே இருப்பதைவிட இதுவே பெரிது.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. டேங்க் அடியில் கொஞ்சம் துரு வந்தது என்றீர்கள், ஆகவே இரண்டு ஃபில்டரையும் ஒன்றாக மாற்றுங்கள். மாற்றும்போது ரப்பர் வளையம் பழைய ஃபில்டரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா என்று பாருங்கள், இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் திரும்பவும் காற்று நுழையும். அப்புறம் டிப்ஸ்டிக்கை எடுத்து இன்ஜின் ஆயிலை முகர்ந்து பாருங்கள். டீசல் வாசனை வந்தாலோ மட்டம் ஏறியிருந்தாலோ ஃபீட் பம்பின் உள்ளே டீசலை இழுக்கிற திரையான டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆயில் சுத்தமாக இருந்தால் வேலைக்கு இறக்கலாம், முதல் நாள் மட்டும் ஏர் எடுக்கிற அந்த 17 ஸ்பேனரை டூல் பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.